ஓடிய தூரம்

சென்ற ஆண்டு ஆடி மாதத்து மாலை ஒன்றில், கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் செல்லும் சாலையில், எங்கள் பழைய அம்பாசிடரின் மீட்டர் போர்டு எரிந்துபோனது. தீப்பிழம்பு ஏதும் எழவில்லை. முகப்பு விளக்கைப் போட்டேன். மீட்டருக்குள் இருந்த சின்ன பல்பு வழக்கத்தைவிடச் சிவப்பாக ஒரு கணம் எரிந்து அணைந்தது. பிறகு ரப்பர் கருகும் வாடை. வண்டியை ஓரங்கட்டி பானெட்டைத் திறந்து பேட்டரி வயரைக் கழற்றுவதற்குள் மீட்டரின் கண்ணாடிக்குப் பின்னால் வெண்புகை சூழ்ந்துவிட்டது. புகை விலகியபோது வேகமுள் அறுபதில் நின்றிருந்தது. வண்டியோ புளியமரத்தடியில் அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

1984இல் என் தந்தை வாங்கிய வண்டி அது. பருத்தித் தரகு அவருடைய தொழில். சாத்தூர், விருதுநகர், இராஜபாளையம் என்று கரிசல் பூமியின் ஆலைகளுக்கெல்லாம் அதில்தான் போய்வந்தார். பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் மீட்டரின் எண்ணையும் லிட்டரையும் ஒரு நோட்டில் குறித்துவைப்பார். மீட்டரில் ஐந்து எண் சக்கரங்கள்தாம். 99,999க்குப் பிறகு அது மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 1990இல் முதன்முறை அப்படிச் சுழன்றபோது, வண்டியை நிறுத்தி எங்களை முன்னிருக்கைக்கு அழைத்து, நூறடிக்கும் குறைவான தூரம் மெல்ல உருட்டி, ஐந்து ஒன்பதுகளும் ஒருசேரப் புரண்டு பூஜ்யங்களாவதைக் காட்டினார். அன்று எங்களுக்குக் கடலைமிட்டாய் கிடைத்தது. இரண்டாவது சுழற்சி 1998இல். 2003இல் அவர் காலமானார். நோட்டின் கடைசிப் பதிவும் அந்த ஆண்டினுடையதே. அதன்பின் வண்டியை நான் ஓட்டினேன், எண்களைக் குறிக்கவில்லை.

ஒரு மீட்டர் போர்டை மாற்றுவது என்பது இரண்டு மணிநேர வேலை. ஆனால் அந்த இரண்டு மணிநேரத்தில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் என்னிடம் கேட்ட ஒரு கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியாமல் போனதால், இந்தக் கருவியின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. அதைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரை.

வண்டியின் முகப்புப் பலகையில் இன்று அருகருகே இருக்கும் இரண்டு கருவிகள், வயதில் இரண்டாயிரம் ஆண்டு இடைவெளி கொண்டவை. தூரம் அளப்பது மிகப் பழைய கலை. உரோமானியக் கட்டடவியலாளர் வித்ருவியஸ், பொ.ஆ.மு. முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய தம் நூலின் பத்தாம் பகுதியில் தூரமளக்கும் வண்டியொன்றை விவரிக்கிறார். சுமார் நான்கடி விட்டமுள்ள சக்கரம் நானூறு முறை சுழன்றால் ஐயாயிரம் அடி, அதாவது ஓர் உரோமானிய மைல். பற்சக்கரங்களின் வழியே அந்தச் சுழற்சி குறைக்கப்பட்டு, ஒவ்வொரு மைலுக்கும் ஒரு கூழாங்கல் வெண்கலப் பாத்திரத்தில் ஓசையுடன் விழும். மாலையில் கற்களை எண்ணினால் அன்றைய பயணம் தெரிந்துவிடும். பழைய சீனத்திலும் இத்தகைய வண்டி உண்டு; அதில் மரப்பொம்மை ஒன்று ஒவ்வொரு லீ தூரத்துக்கும் முரசறையும். எங்கள் வண்டியின் ஐந்து சக்கரங்களும் கொள்கையளவில் வித்ருவியஸின் கற்களிலிருந்து வெகுதூரம் விலகியவையல்ல. இடது சக்கரம் ஓரிலக்கம் நகர, வலது சக்கரம் முழுச் சுற்று சுற்ற வேண்டும். அவ்வளவே.

வேகம் அவ்வாறன்று. ஓடிய தூரம் ஒரு சேமிப்பு. கல்லாகவோ எண்ணாகவோ அதைப் பாத்திரத்தில் போட்டுவைக்கலாம். இந்தக் கணத்தின் வேகத்தைப் பிடித்துவைக்கப் பாத்திரம் கிடையாது. அதற்கு ஒரு விசித்திரமான இயற்பியல் தேவைப்பட்டது. 1824இல் பிரெஞ்சு அறிஞர் அராகோ, சுழலும் செப்புத் தகட்டின் மேல் தொங்கவிட்ட காந்த ஊசி, தகட்டைத் தொடாமலேயே அதனோடு சேர்ந்து திரும்ப முயல்வதைக் கண்டார். செம்பு காந்தத்தால் ஈர்க்கப்படும் உலோகமன்று. ஆகவே இது புதிராகவே இருந்தது. 1831இல் ஃபாரடே மின்தூண்டலைக் கண்டறிந்தபோதுதான் விடை கிடைத்தது. அசையும் காந்தப்புலம் உலோகத்துக்குள் சுழல்மின்னோட்டங்களை எழுப்புகிறது. அவை தம் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி இழுக்கின்றன. 1902இல் ஸ்ட்ராஸ்பர்க்கைச் சேர்ந்த ஓட்டோ ஷூல்ட்ஸே இதனை வேகமானியாக்கிக் காப்புரிமை பெற்றார்.

மீட்டரின் பின்புறத்தில் வந்து சேரும் கேபிளைப் பலரும் பார்த்திருக்கலாம். அதன் மறுமுனை கியர்பெட்டியில் இருக்கிறது. சக்கரம் ஓட ஓட அந்தக் கேபிளுக்குள் ஒரு கம்பி சுழல்கிறது. கம்பியின் நுனியில் ஒரு காந்தம் சுழல்கிறது. காந்தத்தைச் சூழ்ந்து ஒரு அலுமினியக் கிண்ணம் கவிழ்ந்திருக்கிறது. இரண்டும் தொட்டுக்கொள்வதேயில்லை. காந்தம் எவ்வளவு விரைவாகச் சுழல்கிறதோ, அந்த அளவுக்குக் கிண்ணம் அதன்பின் போக ஆசைப்படுகிறது. கடிகாரத்தில் இருப்பது போன்ற ஒரு மெல்லிய சுருள்வில் அதைப் போகவிடாமல் பிடித்துக்கொள்கிறது. ஆசையும் தடையும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. அகத்திணை நடத்தும் எனக்கு இதைப் படித்ததும் வேறெங்கோ கேட்ட கதைபோல் இருந்தது. மாணவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

வேகமானி பிறந்த காலமும் கவனிக்கத்தக்கது. 1901இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் மோட்டார் வண்டிகளுக்கு நகருக்குள் மணிக்குப் பன்னிரண்டு மைல் என்று வரம்பு விதித்தது. 1903ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம் இருபது மைல் என்றது. அளக்கும் கருவி ஓட்டுநரிடம் இல்லாதபோதே அளவை மீறியதற்குத் தண்டனை வந்துவிட்டது. நெடுஞ்சாலையில் ஒரு காவலர் கையில் நிறுத்துக்கடிகாரத்துடன் நின்றால், அவர் சொன்னதே வேகம். ஆகவே தொடக்ககால ஓட்டுநர்கள் வேகமானியைத் தேடி வாங்கியதில் விரைவின் மோகத்தைவிட, நீதிமன்றத்தில் சொல்லத் தம்மிடமும் ஓர் எண் வேண்டும் என்ற எச்சரிக்கைக்கும் பங்கிருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். பிரித்தானியாவில் புதிய வண்டிகளில் வேகமானி கட்டாயமானது 1937இல்தான்.

இவை இரண்டைத் தவிர்த்த மற்ற முட்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தவை. முகப்புப் பலகையைக் குறிக்கும் டேஷ்போர்டு என்ற பெயரே குதிரைவண்டியினுடையது. குதிரையின் குளம்படியில் தெறிக்கும் சேறு வண்டியோட்டியின் மேல் படாதிருக்க முன்னால் நிறுத்திய பலகை அது. குதிரை போய் எஞ்சின் வந்தது. சேறு போய் எண்கள் வந்தன. பலகை மட்டும் பெயரோடு நிலைத்தது. ஃபோர்டின் மாடல் டி வண்டியில் பெட்ரோல் முள் கிடையாது. இருக்கையைத் தூக்கி, அடியில் உள்ள தொட்டிக்குள் ஒரு குச்சியை விட்டு நனைந்த அளவைப் பார்க்க வேண்டும். எஞ்சின் சூட்டைக் காட்டும் பாய்ஸ் நிறுவனத்தின் வெப்பமானி, 1910களில், ரேடியேட்டர் மூடியின் மேலேயே செருகப்பட்டது. ஓட்டுநர் கண்ணாடிக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொள்வார்.

இரவில் இவற்றைப் பார்ப்பதற்கு ஒளி வேண்டும். அந்தக் கதையில் ஒரு இருண்ட அத்தியாயம் உண்டு. 1917 முதல் நியூஜெர்ஸியின் ஆரஞ்ச் நகரில் இளம்பெண்கள் கைக்கடிகார முகப்புகளிலும் போர்க்கருவிகளின் முகப்புகளிலும் ரேடியம் கலந்த வண்ணத்தைத் தீட்டினார்கள். தூரிகை நுனி கூர்மையாக இருக்க அதை உதட்டில் வைத்துக் கூராக்கும்படி கற்பிக்கப்பட்டிருந்தார்கள். தாடையெலும்பு சிதைந்து பலர் இறந்தனர். ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928இல் சமரசத்தில் முடிந்தது. நம்மூரில் இன்றும் வண்டியின் பின்புறம் ஒட்டும் ஒளிரும் தாளுக்கு ரேடியம் ஸ்டிக்கர் என்றே பெயர். அதில் ரேடியம் ஒரு துளியும் இல்லை. எந்தத் தெருக்களின் வழியாக அந்தச் சொல் இங்கு வந்து சேர்ந்தது என்று எப்போதாவது யோசிப்பதுண்டு.

மீண்டும் எங்கள் வண்டிக்கு வருகிறேன். மறுநாள் கயிறு கட்டி இழுத்துச் சென்று, தந்தையின் காலத்திலிருந்தே எங்களுக்குப் பழக்கமான அண்ணாச்சியின் பட்டறையில் விட்டேன். எழுபதை நெருங்குகிறார். மீட்டரைத் தொடாமல் முதலில் ஃப்யூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினார். உள்ளே பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, இத யாரு செஞ்சதுன்னு தெரியுதா? ஒங்க அப்பாதான்."

கண்ணாடிக்குழாய் ஃப்யூஸ் ஒன்றின் மேல் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுற்றப்பட்டிருந்தது. ஏதோ ஒரு ராத்திரியில், ஏதோ ஒரு ஆலைக்குப் போகும் வழியில், ஃப்யூஸ் போய்விட்டது. மாற்று ஃப்யூஸ் இல்லை. கையில் சிகரெட் பெட்டி இருந்தது. அன்றைக்கு ஊர் வந்து சேர்ந்தார். தாளை எடுக்க மறந்துவிட்டார். ஃப்யூஸின் வேலையே, மின்னோட்டம் அளவுமீறும்போது தான் முதலில் எரிந்து மற்றவற்றைக் காப்பது. வெள்ளித்தாளுக்கு அந்தப் பண்பு கிடையாது, எதையும் கடத்தும். இருபது ஆண்டுகளுக்கு மேல் அது கேடின்றிக் கிடந்தது. மீட்டருக்குப் பின்னால் இரும்பு விளிம்பில் உரசி உரசி ஒரு வயரின் உறை தேய்ந்து, செம்பு இரும்பைத் தொட்ட அன்று, எரிய வேண்டிய ஃப்யூஸ் எரியாமல் மீட்டர் எரிந்தது.

சில வாரங்களாக ஒரு முன்னறிகுறியும் இருந்திருக்கிறது. பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் ஒன்றாக மேலே ஏறி நின்றன. பெட்ரோல் குறையவே மாட்டேன் என்கிறதே என்று மகிழ்ந்திருந்தேன், ஒருநாள் பசுவந்தனை சாலையில் தொட்டி காலியாகி நிற்கும்வரை. அண்ணாச்சி விளக்கினார். பழைய ஆங்கிலேய வண்டிகளில் 1960கள் தொடங்கிப் பரவலான ஏற்பாடு இது. அந்த முட்களை அசைப்பது காந்தமன்று, சூடு. இரண்டு உலோகங்களை ஒட்டிய சின்னப் பட்டை, மின்சாரத்தில் சூடாகி வளைந்து, முள்ளைத் தள்ளும். சாவியைத் திருப்பியதும் அந்த முட்கள் துயிலெழுவதுபோல் மெதுவாக ஏறுவது அதனால்தான். பேட்டரியின் மின்னழுத்தம் ஏறியிறங்கினால் கணக்குத் தவறும் என்பதற்காக, பத்து வோல்ட் அளவுக்கு அதைக் கட்டுப்படுத்தித் தரும் ஒரு சிறுபெட்டி பின்னால் இருக்கும். அது பழுதானாலோ, அதன் எர்த் சரியாகப் பிடிக்காமல் போனாலோ, இரண்டு முட்களும் ஒரேபோல் மிகைபடக் கூறும். ஒரு முள் பொய் சொன்னால் அந்தக் கருவியில் கோளாறு. இரண்டும் ஒரே பொய்யைச் சொன்னால் பொதுவான இடத்தில் கோளாறு. சாட்சிகளை விசாரிப்பவர்களுக்கும் பயன்படக்கூடிய விதி.

புதிய மீட்டர் போர்டு கிடைக்குமா என்று கேட்டேன். உத்தரபாராவில் அம்பாசிடர் தயாரிப்பு 2014இல் நின்றுவிட்டது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியின் வழிவந்து 1950களின் இறுதியில், தேசம் மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் அறிமுகமான வண்டி அது. 1956ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டம் கிலோமீட்டரைக் கொண்டுவந்தும் நாம் இன்னமும் மைல்கல் என்கிறோம். மைலேஜ் எவ்வளவு என்று கேட்டால் கிலோமீட்டரில் பதில் சொல்கிறோம். 1970களின் நடுவில் கோயம்புத்தூரில் பிரிக்கால் நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகு, இந்திய வண்டிகளின் மீட்டர் பலகைகளில் கணிசமானவை கொங்கு மண்ணிலேயே செய்யப்பட்டன. ஆனால் நாற்பதாண்டுப் பழைய மாடலுக்குப் பெட்டி பிரிக்காத மீட்டர் எந்தக் கடையிலும் காத்திருக்காது. சென்னை புதுப்பேட்டைக்கு ஆள் சொல்லி, கழித்துக் கட்டிய வண்டியொன்றின் மீட்டர் போர்டை வரவழைத்தார் அண்ணாச்சி.

அது வந்தபோது அதில் 81,206 என்றிருந்தது. யாருடைய பயணமோ.

பழைய மீட்டரை மாற்றுபவர்கள் பலரும் கவனிக்காத ஒன்றை அவர் முதலில் கவனித்தார். முகப்பின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த எண்ணைக் கண்ணாடி வைத்துப் பார்த்துப் பழையதோடு ஒப்பிட்டார். கேபிள் எத்தனை முறை சுழன்றால் ஒரு கிலோமீட்டர் என்பதைக் குறிக்கும் எண் அது. அமெரிக்க வண்டிகளில் ஆயிரம் சுற்றுக்கு ஒரு மைல் என்பது வழக்கமாக இருந்தது. மற்ற இடங்களில் வண்டிக்கு வண்டி, கியருக்குக் கியர் மாறும். இந்த எண் பொருந்தாவிட்டால் மீட்டர் அழகாக ஓடும். காட்டும் வேகமும் தூரமும் தவறாக இருக்கும். இரண்டும் பொருந்தின. கருகிய வயர்களை வெட்டி, அதே நிறத்தில் புதிய வயர் கோத்து, விளிம்பில் உரசும் இடத்துக்கு ரப்பர் வளையம் போட்டு, புதிய ஃப்யூஸ் செருகினார். வெள்ளித்தாளை என்னிடம் தந்தார். அப்புறம்தான் அந்தக் கேள்வி.

"என்ன நம்பர் வைக்கணும் தம்பி?"

எண் சக்கரங்களைக் கழற்றி எந்த எண்ணை வேண்டுமானாலும் அமைக்கலாம். விற்கப்போகும் வண்டி என்றால் எல்லோரும் சின்ன எண்ணாகக் கேட்பார்களாம். உலகெங்கும் நடந்த திருட்டு இது. அமெரிக்காவில் 1972இல் இதற்கென்றே கூட்டாட்சிச் சட்டம் வந்தது. தூரமானியைப் பின்னோக்கித் திருப்புவது குற்றம். பழுதுபார்க்கும்போதோ மாற்றும்போதோ பழைய எண்ணையே வைக்க முடியாவிட்டால், மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்து, அதற்குமுன் ஓடிய தூரத்தையும் மாற்றிய தேதியையும் எழுதி, இடப்பக்கக் கதவின் சட்டத்தில் ஒட்ட வேண்டும். சட்டமியற்றியவர்கள் நல்ல உரையாசிரியர்களாகவும் இருந்திருக்க வேண்டும். மூலத்தில் ஒரு பகுதி சிதைந்துவிட்டால் அங்கே நம் சொல்லை இட்டு நிரப்பாதே, சிதைந்தது என்று குறித்துவிட்டு மேலே செல் என்பதுதான் சுவடிப் பதிப்பில் நாங்கள் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும்.

எழுதுபவன் இல்லாமல் எண்கள் தாமே மாறிவிட்டால் என்ன செய்வது என்பது பின்னால் வந்த காலத்தின் கவலை. 1976இல் ஆஸ்டன் மார்ட்டின் லகோண்டா முள்களே இல்லாத மின்னணுப் பலகையோடு காட்சிக்கு வந்தது; முறையாக வேலை செய்யவைத்து வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கவே 1979 ஆயிற்று. இன்று ஓடிய தூரம் ஒரு சில்லுக்குள் இருக்கிறது. பல வண்டிகளில் அதே எண் வேறிரண்டு இடங்களிலும் ஒளித்துவைக்கப்பட்டு ஒன்றையொன்று சரிபார்க்கிறது. சில ஐரோப்பிய வண்டிகளில் திருட்டுத் தடுப்புக் குறியீடும் மீட்டர் பலகைக்குள்ளேயே இருப்பதால், பிறிதொன்றின் பலகையைப் பொருத்தினால் வண்டி புறப்பட மறுக்கும். அதையும் கணினி கொண்டு மாற்றுபவர்கள் இருக்கிறார்கள்.

அண்ணாச்சி காத்திருந்தார். எரிந்த மீட்டரைப் பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்துப் பார்த்தோம். இடப்பக்கத்து மூன்று சக்கரங்களில் 4, 7, 3 தெரிந்தன. வலப்பக்கத்து இரண்டும் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. இரண்டு சுழற்சிகளுக்கு நோட்டு சாட்சி. 2003க்குப் பிறகு மூன்றாம் முறை சுழன்றிருந்தால் நான் பார்க்காமல் இருந்திருக்க மாட்டேன். வண்டியைக் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் மட்டுமே எடுத்துவந்தேன். ஆக, இரண்டு லட்சத்து நாற்பத்தேழாயிரத்து முந்நூற்றுச் சொச்சம்.

"சொச்சத்துக்கு ரெண்டு சைபர் போட்டு 47,300ன்னு வச்சிருவமா? யாரு கேக்கப் போறா?"

அவர் சொன்னதில் தவறேதும் இல்லை. தொண்ணூற்றொன்பது கிலோமீட்டருக்குள்தானே பிழை. சிலப்பதிகாரத்தில் புகாரைவிட்டு நடக்கத் தொடங்கிய சிறிது தூரத்திலேயே களைத்துப்போன கண்ணகி, மதுரை எது என்று கேட்கிறாள். கோவலன் முப்பது காதத்தை, ஆறோ ஐந்தோ என்று காதில் விழும்படிச் சொல்லி, அருகில்தான் என்று சிரிக்கிறான். தமிழில் தூரத்தைக் குறைத்துச் சொன்ன மிகப் பழைய பொய் அதுவாகத்தான் இருக்கும். வகுப்பில் அவனை நான் கண்டித்ததில்லை. அது உயிரோடு நடந்துகொண்டிருக்கும் ஒருத்திக்காகச் சொன்னது. எங்கள் நோட்டில் ஒவ்வொரு எண்ணையும், கடைசி இலக்கம்வரை, மையால் எழுதியவர் இருபது ஆண்டுகளுக்குமுன் போய்விட்டார். அவர் எழுதாமல் விட்ட இடத்தை நான் உருட்டைக் கணக்கால் நிரப்புவது எனக்கு ஒப்பவில்லை.

"பூஜ்யம் வையுங்க அண்ணாச்சி."

"விக்கப் போறீகளா?" என்று என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார். இல்லை என்று சொல்லி, அமெரிக்கச் சட்டத்தின் கதையைச் சொன்னேன். "அங்கயும் நம்ம ஆளுகதான் இருக்கான்" என்றபடி சக்கரங்களைக் கழற்றினார்.

பட்டறையிலேயே ஒரு வெள்ளைத்தாளில் எழுதினேன். பழைய மீட்டர் எரிந்த நாள், ஓடிய தூரம் 2,473 – – கி.மீ., கடைசி இரண்டு இலக்கங்கள் தெரியவில்லை. நமக்கு ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம் என்பதால் வலக்கதவின் சட்டத்தில் ஒட்டி, மேலே ஒளிபுகும் டேப்பை ஒட்டினார் அண்ணாச்சி. வீடு திரும்பும் வழியில் பத்து லிட்டர் பெட்ரோல் போட்டேன். பெட்ரோல் முள் மெதுவாக எழுந்து கால் பங்குக்குச் சற்று மேலே நின்றது. தந்தையின் நோட்டில் 2003ஆம் ஆண்டின் கடைசி வரிக்குக் கீழே இரண்டு வரி இடம்விட்டு, தேதி போட்டு, 10 லிட்டர், மீட்டர் 00004 என்று எழுதினேன். வெள்ளித்தாள் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.